தாஷாவும் நாயின் காதும்

புனேக்காரர்களுக்குப் பிள்ளையார் சதுர்த்தி ஆடியிலேயே காதில் விழத் தொடங்கிவிடும். திருவிழாவுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் இருக்கும்போதே, சாயங்காலமானால் முட்டா ஆற்றங்கரையிலும் காலி மைதானங்களிலும் டோல்-தாஷா பதக்குகள் ஒத்திகையில் இறங்கிவிடுகின்றன. பதக் என்றால் வாத்தியக் குழு. பகலில் கல்லூரிக்கும் ஐ.டி. கம்பெனிக்கும் போய்வருகிற பிள்ளைகள் இடுப்பில் டோலைக் கட்டிக்கொண்டு, கை காய்த்துப்போகும்வரை அடித்துப் பழகுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே நேரத்தில் எத்தனையோ அடுக்குமாடி வீடுகளில் ஒரு நாய் எழுந்து, வாலை உள்ளே மடக்கிக்கொண்டு, குளியலறையைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் அதைக் கொஞ்சம் உன்னித்துப் பாருங்கள். காது பின்னால் படிந்திருக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும். ஓடாமல் ஆடாமல் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும். கருவிழிப் பாவை விரிந்து கண்ணே கறுப்பாகத் தெரியும். பளபளப்பான டைல்ஸ் தரையில் அது நடந்துபோன வழியைப் பார்த்தால் ஈரப் பாதத்தடம் இருக்கும். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாக உள்ளங்காலில்தான். பிடித்த கோழித்துண்டை நீட்டினாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். “சும்மா பயந்தாங்கொள்ளி” என்று சொல்லி நாம் டி.வி. பார்க்கப் போய்விடுகிறோம். உடம்பு இத்தனை இடத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்றால் அதைச் ‘சும்மா’ என்று எப்படிச் சொல்வது?

டோலைவிடத் தாஷாதான் நாயை அதிகம் படுத்துகிறது என்பது என் சந்தேகம். மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்குக் கீழ் எல்லை 65 ஹெர்ட்ஸை ஒட்டி, மேல் எல்லை சுமார் 45,000. அதாவது ‘தும் தும்’ என்ற அடித்தொண்டை ஒலியில் நாய் நம்மைவிடக் கெட்டிக்காரக் காது கொண்டதல்ல. அதன் காது கூர்மையாவது சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே. கழுத்தில் தொங்கும் சின்னத் தாஷாவில் மெல்லிய குச்சிகள் விழும்போது எழும் ‘சடசட’வில் அந்த உயர் அதிர்வெண்கள் தாராளமாக இருக்கின்றன. தீபாவளி வெடிக்கும் இதே கதைதான். நமக்குக் காதைப் பொத்திக்கொள்ளவாவது கை இருக்கிறது.

அளவைப் பார்ப்போம். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அனுமதிப்பது பகலில் 55 டெசிபல், இரவில் 45. பிள்ளையாரைக் கரைக்கும் விசர்ஜன ஊர்வலத்தன்று புனே பொறியியல் கல்லூரி மாணவர்கள் லட்சுமி சாலையின் சந்திப்புகளில் கருவியோடு நின்று ஆண்டுதோறும் அளக்கிறார்கள். பல ஆண்டுகளில் அது 100 டெசிபலைத் தாண்டியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஒரு பதக்கில் 30 பேருக்கு மேல் கூடாது என்றது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை நிறுத்திவைத்தது. டோல்-தாஷா இல்லாத புனேயை யாரும் கற்பனை செய்யத் தயாராக இல்லை. எனக்கும் அதில் பெரிய மாற்றுக் கருத்து கிடையாது. சத்தம் இருக்கத்தான் போகிறது. நாயை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடியென்றால் நடுங்கும் நாய்களுக்கு அவற்றின் வீட்டிலேயே இடிச்சத்தப் பதிவைப் போட்டுக்காட்டி, எச்சிலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். அது 207 சதவீதம் ஏறியது. அதைவிட முக்கியமானது, 40 நிமிடம் கழித்தும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை. இதைப் புனேயின் விசர்ஜனத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஊர்வலம் ஒரு முழுநாளையும் தாண்டி நீள்கிறது. ஒரு பதக் தெருமுனையைக் கடப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஹார்மோன் இறங்குவதற்கு வேண்டிய அமைதி அந்த நாளில் எங்கே கிடைக்கும்?

மூளை ஒரு பெரும் பயத்தை எப்படிப் பத்திரப்படுத்தி வைக்கிறது என்பதற்கு நாய்களைவைத்தே ஒரு பழைய சாட்சி உண்டு. மணியடித்தால் எச்சில் ஊறும் பாவ்லோவின் நாய்களை எல்லாருக்கும் தெரியும். 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் வெள்ளம் வந்தபோது அவை கூண்டுகளில் மாட்டிக்கொண்டன. தண்ணீர் கூரைவரை ஏற, நாய்கள் மூக்கை மட்டும் மேலே நீட்டி நீந்திக்கொண்டிருந்தன. கூண்டின் கதவோ கீழே இருந்தது. காப்பாற்ற வந்தவர்கள் நாய்களின் தலையை நீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுக்க முடிந்தது. பிழைத்தவற்றில் சில, பாடுபட்டுக் கற்ற பழக்கங்களையெல்லாம் மறந்துபோயின. மெல்ல மெல்லத் தேறிய ஒரு நாயின் அறையில், கதவுக்கு அடியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டார்கள். அவ்வளவுதான், மறுபடி பதற்றம், மறுபடி எல்லாம் மறந்தது. ஒரே ஒரு தீபாவளியில் காலடியில் சரவெடி வெடித்த நாய் பிறகு குக்கர் விசிலுக்கும் ஒளிவது ஏன் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சத்தத்துக்கு அஞ்சுவது அபூர்வமும் அல்ல. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட, 13,700 பின்லாந்து நாய்களைப் பற்றிய ஆய்வில், மனப்பதற்றங்களில் முதலிடம் சத்தத்துக்குத்தான்: 32 சதவீத நாய்கள். அங்கே டோலும் இல்லை, தாஷாவும் இல்லை.

இனி இந்த விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். குட்டியிலிருந்தே பயப்படும் நாய் ஒரு வகை. ஐந்தாறு கணபதித் திருவிழாக்களை அசையாமல் படுத்தபடி பார்த்துவிட்டு, ஏழாவது வயதில் திடீரென்று நடுங்க ஆரம்பிக்கும் லேப்ரடார் வேறு வகை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினரும் பிரேசில் ஆய்வாளர்களும் 2018-இல், சத்தத்துக்கு அஞ்சும் 20 நாய்களை ஒப்பிட்டார்கள். பாதிக்கு மூட்டு, தசைகளில் வலி இருந்தது, மீதிக்கு இல்லை. வலியுள்ள நாய்களுக்குப் பயம் சராசரியாக நான்கு ஆண்டு பிந்தித் தொடங்கியிருந்தது. இருபதே நாய்கள்; சின்ன ஆய்வுதான். ஆனாலும் அவர்கள் சொன்ன காரணம் மனதில் தங்கிவிடுகிறது: வெடிச்சத்தம் கேட்டதும் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது, தசைகள் இறுகுகின்றன, ஏற்கெனவே தேய்ந்த இடுப்பு மூட்டில் சுரீரென்று வலிக்கிறது. நாய் சத்தத்தையும் வலியையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அந்த நாய்களுக்கு வலிக்குச் சிகிச்சை தந்தபோது பயமும் குறைந்தது. வழுக்கும் டைல்ஸில் நாளெல்லாம் நடக்கும் பெரிய உடம்பு நாய்கள் புனேயின் அடுக்குமாடிகளில் ஏராளம். நடுவயதில் புதிதாக வந்த பயத்துக்கு முதலில் மூட்டைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். நம் மருந்துப் பெட்டியிலிருந்து பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. நாய்க்கு இரண்டுமே ஆபத்து.

புனேயில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கணபதி வருவது மழைக்காலத்தில். அது உண்ணிக்கும் வசதியான காலம். சாப்பிடாமல், இளைத்துக்கொண்டு, ஒரு மூலையில் நடுங்கிக்கிடக்கும் நாயைப் பார்த்து “டோல் சத்தத்துக்குப் பயந்துவிட்டது” என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள். உண்ணிக் காய்ச்சலும் அதே வேஷத்தில்தான் வரும். எர்லிக்கியா என்ற பாக்டீரியா வெள்ளையணுக்களுக்குள் குடியேறி, ரத்தத் தட்டுகளைக் குறைத்துவிடும். முற்றினால் மூக்கில் ரத்தம் வடியும். பபீசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுவையே உடைக்கும். இதில் சின்ன வகையான பபீசியா கிப்சோனியை 1910-இல் பேட்டன் என்ற ஆய்வாளர் முதன்முதலில் விவரித்தது நம்மூரில்: மதராஸ் ஹன்ட் என்ற வேட்டைச் சங்கத்தின் நாய்களின் ரத்தத்தில் கண்டார், பிறகு நரிகளிலும் கண்டார். குதிரையேறி நரி துரத்திய துரைமார்களின் நாய்களைச் சாய்த்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி.

பயத்தையும் காய்ச்சலையும் பிரிக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். விரலால் ஒருமுறை அழுத்தினால் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். முதலிலேயே வெளிறியிருந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, சத்தம் ஓய்ந்து மறுநாள் ஆகியும் சோறு இறங்காவிட்டாலோ, உடனே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள். நாலாம் நாளே நாய் துள்ளுகிறது என்று நிறுத்துவது பெரிய தப்பு, கிருமி உள்ளே பதுங்கிக்கொள்ளும். உண்ணியோ ஒவ்வொரு முறை ரத்தம் குடித்தபின்னும் நாயைவிட்டு இறங்கிச் சுவர் விரிசலில் போய் ஒளியும்; ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுச் சுவரை விட்டுவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது.

திருவிழா வீட்டில் தட்டும் கவனிக்க வேண்டியதே. மோதகப் பூரணத்தில் உலர்திராட்சை சேர்ப்பவர்கள் உண்டு. திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே முடக்கிவிடும். காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் நம் புளி. சாம்பார்ச் சோற்றை ஆசையாக ஊட்டும் தமிழ் வீடுகள் இதைக் காதில் போட்டுக்கொள்ளலாம்.

பயத்துக்கு என்ன வைத்தியம்? “அணைத்துத் தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும்” என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. பயம் என்பது வித்தை அல்ல, பரிசு கொடுத்து வளர்ப்பதற்கு. நாய் ஒட்டி உட்கார விரும்பினால் உட்காரட்டும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி ரீமர் 1,225 நாய்களின் வீட்டாரிடம், வெடிப் பயத்துக்கு எது பலித்தது என்று கேட்டார். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் பலன் கண்டதாகச் சொன்னார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தும் ஏறக்குறைய அதே அளவு. மூலிகை, மலர் மருந்து, ஹோமியோபதி, ஃபெரமோன் வகையறாக்களில் மூன்றில் ஒரு பங்கு தேறியதே அதிகம். வீட்டார் சொன்னதைத் தொகுத்ததுதான், ஆய்வகச் சோதனை அல்ல; இருந்தாலும் வித்தியாசம் சின்னதில்லை.

இதில் வரிசை முக்கியம். சத்தம் முதலில், கோழித்துண்டு பிறகு. மாற்றிச் செய்தால் கோழித்துண்டைப் பார்த்தாலே ‘இதோ வெடிக்கப்போகிறது’ என்று நாய் கற்றுக்கொள்ளும். சத்தமும் முதலில் மெல்லியதாக இருக்க வேண்டும். நடுங்குகிற நாய் எதையும் தின்னாது, கற்காது. மற்ற ஊர்க்காரர்கள் இதற்காகப் பதிவுகளைத் தேடிப் போட்டு, ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். புனே அதை இலவசமாகத் தருகிறது. ஜூலையில் ஆற்றங்கரை ஒத்திகை கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருந்து மெலிதாகக் கேட்கும்போதே மொட்டைமாடியிலோ தெருமுனையிலோ பனீர் துண்டோடு தொடங்கிவிடலாம். நாய் காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டு உங்கள் கையைப் பார்த்தால், மறுவாரம் ஒரு தெரு கிட்டே போகலாம். காதைப் பின்னால் மடித்தால் ஒரு தெரு பின்வாங்க வேண்டும். செப்டம்பரில் லட்சுமி சாலைக்கு அதைக் கூட்டிப்போய்த் ‘தைரியம் பழக்குவது’ சித்திரவதை.

சில நாய்களுக்கு இது போதாது. மருந்து வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பெல்லாம் ஏசிப்ரோமசின் மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பார்கள். அது உடம்பைத்தான் கட்டிப்போடும். பயம் அப்படியே இருக்கும், சில நாய்களுக்குச் சத்தம் இன்னும் உறைக்கவும் செய்யும். அசையாத நாயைப் பார்த்து வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். பின்னர் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நாய்களின் சத்தப் பயத்துக்கென்றே முதல் மருந்தாக டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல்லுக்கு அனுமதி கொடுத்தது. ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே தடவினால், மூளையில் நோர்அட்ரினலின் கொட்டுவதை அது தடுக்கும். டிராசோடோன், காபாபென்டின், அல்பிரசோலாம் போன்றவற்றையும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். தினசரி மாத்திரையான ஃப்ளூவாக்ஸெடின் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும்; அதைக் கேட்டு விசர்ஜனத்துக்கு முந்தின நாள் கிளினிக் வாசலில் நிற்பதில் பயனில்லை.

உடனடி மருந்தையும் ஊர்வலத்தன்று முதன்முறையாகக் கொடுக்கக் கூடாது. ஒரே அளவு ஒரு நாயை நிதானப்படுத்தும், இன்னொன்றைத் தள்ளாடவைக்கும், அபூர்வமாக ஒன்றை மேலும் பரபரக்கவைக்கும். டாக்டர் சொன்ன அளவைச் சத்தமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்து, எத்தனை நிமிடத்தில் பிடிக்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, தண்ணீர் குடிக்கிறதா, மாடிப்படி ஏறுகிறதா என்று பக்கத்திலிருந்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஊர்வலத்தன்று மருந்து பிடிக்க வேண்டியது தாஷா தெருவுக்குள் நுழைவதற்கு முன்னால். கழுத்துப்பட்டையில் செல்பேசி எண் தெளிவாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பயந்த நாய் கதவு திறந்த நொடியில் ஓடும். எந்தப் பக்கம் ஓடினோம் என்று அதற்கே தெரியாது.