பலிக் கணக்கில் வராத பிள்ளைகள்

பட்டாசு ஆலை வெடிவிபத்துச் செய்தி எப்படி இருக்கும் என்பது விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். எந்த ஊர், எத்தனை அறைகள் தரைமட்டம், எத்தனை பேர் பலி, உரிமையாளர் மீது வழக்கு, அரசு நிவாரணம். ஒரு வாரத்தில் செய்தி ஆறிவிடும். இறந்தவர்களுக்கு எத்தனை பிள்ளைகள், அன்று ராத்திரி அவர்கள் யார் வீட்டில் படுத்தார்கள், அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது போனார்களா? இந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறத்தாழ 40 உயிர்கள். அதில் பலர் ஆலைத் தொழிலாளர்கள்கூட இல்லை. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சன்குளம்: 20-க்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம்: 13 பேர், பெரும்பாலும் பெண்கள். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. புயலும் வெள்ளமும் எப்போதாவது வரும் பேரிடர்கள். இங்கே பேரிடர் தினமும் காலையில் வேனில் ஏறி வேலைக்குப் போகிறது.

சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரம் முழுக்க வானம் பார்த்த பூமி. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். பயிரைக் கருக்கிய அதே வறண்ட வெயில் தீக்குச்சியையும் பட்டாசையும் காயவைக்கத் தோதாக இருந்தது. மழை பொய்த்த வீடுகளுக்கு 'ஆபீஸ்' வேலைதான் கஞ்சி ஊற்றியது. இங்கே தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர்.

அந்த ஆபீஸுக்கு ஒரு காலத்தில் பிள்ளைகளும் போனார்கள். விடியுமுன் வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் இருட்டிய பிறகு இறக்கிவிடும். சிவகாசியின் பட்டப்பெயரை வைத்து சலம் பென்னூர்க்கர் 1990-இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அதை உலகுக்குக் காட்டியது. கரிசல் மண்ணின் எழுத்தாளர் பூமணி 'கருவேலம்பூக்கள்' என்று படமே எடுத்தார். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழிலில் பிள்ளையை வேலைக்கு வைத்தவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016-இல் வந்த சட்டத் திருத்தம், வெடிபொருள் வேலையில் 18 வயது நிரம்பாத எவரும் கூடாது என்றது.

இன்று பெரிய ஆலைகளின் வாசலில் பிள்ளைகளைப் பார்ப்பது அபூர்வம். இது சாதாரண வெற்றி இல்லை. காமராஜர் பிறந்த மாவட்டத்தில் மதிய உணவும், அதிகாரிகளின் சோதனையும், 'நான் பட்ட பாடு என் மகள் படக்கூடாது' என்று பிடிவாதமாக நின்ற தாய்மாரும் சேர்ந்து சாதித்தது.

ஆனால் பிள்ளையை ஆபத்திலிருந்து விலக்கிவிட்டோம் என்று நிம்மதி அடைய முடியவில்லை. பல ஊர்களில் ஆபத்து வீட்டுக்கே வந்துவிட்டது. பட்டாசைப் பற்றவைக்கும் கருந்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் இழைகளை வெடிமருந்துக் கூழில் நனைத்து, வெயிலில் கட்டி உலர்த்தி, அளவாக வெட்டிக் கட்டும் வேலை. உரிமம் இல்லாமல் வீட்டில் செய்வது குற்றம். இத்தனை குரோஸ் கருந்திரி பறிமுதல் என்று உள்ளூர்ப் பக்கத்தில் அடிக்கடி செய்தி வரும். அடுப்பும் தொட்டிலும் மருந்தும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. 2021 ஜூனில் தாயில்பட்டியில் சட்டவிரோதமாகப் பட்டாசு தயாரித்த வீடு வெடித்தபோது இறந்தவர்களில் ஐந்து வயதுச் சிறுவனும் ஒருவன். அவனைத் தொழிலாளி என்று எந்தச் சட்டமும் சொல்லாது. சம்பளம் வாங்கவில்லை, வேலை செய்யவில்லை. அந்த வீட்டில் இருந்தான், அவ்வளவுதான்.

கணக்கில் வராத இன்னொருவர், விபத்தில் தாய் தகப்பனை இழக்கும் பிள்ளை. விபத்து நடந்ததும் உறவினர்கள் உடலை வாங்க மறுத்து மருத்துவமனை வாசலில் உட்காருவார்கள். அங்கேயே ஆலைத் தரப்போடு பேச்சுவார்த்தை நடக்கும், காசோலை கைமாறும். ஆத்திரத்திலும் அழுகையிலும் நடக்கும் அந்தப் பேச்சில் பிள்ளையின் பங்கு என்று எதுவும் வருவதில்லை. வாங்கிய முன்பணமும் வட்டிக் கடனும் அந்தத் தொகைக்காக ஏற்கெனவே காத்திருக்கின்றன. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இலேயே வழி சொன்னது: மரண இழப்பீட்டை ஆணையரிடம் கட்ட வேண்டும், சிறாரின் பங்கை ஆணையர் அவர்கள் பெயரில் முதலீடு செய்து பாதுகாக்கலாம். வாசலில் முடியும் பேரத்தோடு நிற்காமல் அந்த வழி ஒவ்வொரு சாவிலும் கறாராகப் பின்பற்றப்பட வேண்டும்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பர் 10 அன்று விருதுநகரில் முதல்வர் மு.க. ஸ்டாலின், பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளரின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை அரசே ஏற்கும், முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்று அறிவித்தார். 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக்கரங்கள்' திட்டம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இரண்டும் மனமார வரவேற்க வேண்டியவை. ஆனால் இரண்டும் சாவுக்குப் பிறகு வருபவை; இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு என்று அலைந்து வாங்க வேண்டியவை. அலையப் போவது பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி. அவள் தாலுகா ஆபீஸுக்கு நடக்கிற நாட்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பள்ளியை விட்டு நிற்பாள். அப்படி நின்றவள் திரும்பிப் போகும் முன்பே கல்யாணப் பேச்சு வந்துவிடும்.

எனவே விபத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஊராட்சிக்கும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது அரசின் விதி. பட்டாசு ஊர்களில் அந்தக் குழுவின் கையில் ஒரு பதிவேடு வேண்டும்: எந்த வீட்டில் தாய் தகப்பன் இருவருமே ஆபீஸுக்குப் போகிறார்கள், அவர்களுக்கு ஏதாவது ஆனால் பிள்ளை யார் பொறுப்பு, சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன. வேன் கிளம்பும் நேரத்திலிருந்து திரும்பும் நேரம் வரை திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகம் வேண்டும். ஆலைக்காரர்களிடம் ஒன்று கேட்கலாம், காசு செலவில்லாதது: கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் வேலைக்கு வைக்காதீர்கள்.

உங்கள் ஊரில் எந்த வீட்டிலாவது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் திரி காய்வதைப் பார்த்தாலோ, விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றாலோ 1098 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.