விராலும் செத்தால் விடாதீர்கள்

கண்மாயில் மீன் செத்து ஒதுங்கினால் ‘வெயில் தாங்கலை’ என்று சொல்லிப் புதைத்துவிடுவது வழக்கம். திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாயானாலும் வேறு எந்தக் கண்மாயானாலும், புதைக்கும் முன் எந்த மீன் செத்திருக்கிறது என்று பாருங்கள்.

தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் கட்லா, ரோகு முதலில் சாகும். விராலும் தேளியும் மேலே வந்து காற்றைக் குடித்துத் தாக்குப்பிடிக்கும். அவையும் மிதந்தால் விஷம் கலந்ததா என்று சந்தேகப்பட வேண்டும். இது தீர்ப்பல்ல, துப்பு.

ஆலைக்கழிவு ஆக்சிஜனையும் குறைக்கும், விஷத்தையும் கலக்கும். கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுவிடும்; மீன் வளர லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அமோனியா செவுளைக் கெடுக்கும். குரோமியம், ஈயம் போன்றவை ஈரலில் படியும். அந்த மீன் சாகாமல் சந்தைக்கும் வரும். குழம்பில் கொதித்தாலும் உலோகம் போகாது.

ஆக்சிஜன் மிகவும் குறைவது விடியற்காலையில். வெயில் ஏறினால் பாசி ஆக்சிஜனை விடும். மதியம் எடுத்த தண்ணீர் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சாட்சி சொல்லும். எனவே விடிந்ததுமே மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கோ 1100 என்ற முதல்வர் உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். கழிவு விழும் வாய்க்காலை நேரத்துடன் படம் எடுங்கள். நீங்கள் பாட்டிலில் பிடித்த தண்ணீரை மட்டும் நம்பாதீர்கள். ஆலைக்கழிவின் மாதிரியை வாரிய அதிகாரிகள் முறைப்படி எடுத்து முத்திரையிட்டால்தான் வழக்கில் நிற்கும்.

1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தில் பலர் அறியாத உரிமை ஒன்று உண்டு. ஆலைக்கு வாரியம் விதித்த நிபந்தனைகளின் பதிவேட்டை, அதில் தொடர்போ பாதிப்போ உள்ள எவரும் பார்வையிடலாம். வாரியம் அசையாவிட்டால் 60 நாள் அறிவிப்பு கொடுத்து நீதிமன்றம் போகலாம்.

சட்டம் ஏட்டோடு போகும் என்பார்கள். நொய்யல் ஆற்றில் பாதி அப்படித்தான் நடந்தது. அதன் குறுக்கே 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியானது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீரை விவசாயிகளே வேண்டாம் என்றார்கள். ஆனால் அவர்கள் தொடுத்த வழக்கில்தான் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். தாமதம்தான், வழக்கு இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

மீன்பாசி குத்தகைக்காரர்கள் இழப்பீட்டுக்குச் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை 5 ஆண்டுக்குள் அணுகலாம். கழிவை நிறுத்தச் சொல்லும் மனுவுக்குக் கெடு 6 மாதம்தான். செத்த மீனைக் கண்ட தேதியை அன்றே எழுதி வையுங்கள்.