உப்புக் காற்றில் ஓடிய 'ரோட் ராஷ்' பைக்... பரணில் கிடக்கும் இலவச லேப்டாப்பை எப்போது திறக்கப் போகிறீர்கள்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு, மரக்காணம் வந்துவிட்டதை ஊர்ப் பலகை சொல்ல வேண்டியதில்லை. சாலையோரத்தில் கண்ணாடி விரித்ததுபோல பாத்திகள், நடுநடுவே வெள்ளை வெளேர் உப்புக் குவியல்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று, விடியும் முன்பே உப்பு வாரக் கிளம்பும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது.

இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றுக்கு முதல் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வரவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்துதான் வந்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ பிள்ளைகள் கையில் எல்காட் முத்திரையோடு லேப்டாப்கள் வந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டன.

படிப்பதற்காகத்தான் கொடுத்தார்கள். பிள்ளைகளும் படித்தார்கள். ஆனால், அந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் 'லேப்டாப்பில் முதலில் என்ன ஏத்தினீங்க?' என்று கேட்டால், பாதிப் பேர் வெட்கத்தோடு சிரிப்பார்கள். ரோட் ராஷ், ஐ.ஜி.ஐ, கமாண்டோஸ்!

பழைய கேம்... புது லேப்டாப்!

இங்கேதான் ஒரு வேடிக்கை. 2011-ல் வந்த புது லேப்டாப்பில் ஓடியவை எல்லாம் பத்து, பதினைந்து வருடப் பழைய கேம்கள். காரணம் எளிது. தொடக்க ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட லேப்டாப்பில் இருந்தது 2 ஜிபி ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அன்றைக்கு வெளியான புது கேம்களை அதில் போட்டால், படம் படமாக நின்று நின்றுதான் நகரும். ஆனால், 2000-ம் ஆண்டு வந்த ஐ.ஜி.ஐ கேட்டதோ வெறும் 64 எம்பி ரேம். லேப்டாப்பில் இருந்ததோ அதைப்போல 32 மடங்கு!

இன்டர்நெட்டும் தேவையில்லை. ஒருவர் பென் டிரைவில் கொண்டு வந்தால் போதும், மாலைக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும். அவை காசு கொடுத்து வாங்கிய பிரதிகள் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடையில் ஒரிஜினல் சிடி வாங்கும் வழியோ வசதியோ இல்லாத ஊர்களில், பென் டிரைவ்தான் கடையாக இருந்தது.

மரக்காணத்தில் உப்பு உற்பத்தி ஜனவரி வாக்கில் தொடங்கி செப்டம்பர் வரை நடக்கும். அக்டோபரில் மழை பிடித்தால் பாத்திகளில் நல்ல தண்ணீர் நிரம்பிவிடும், வேலை நின்றுவிடும். வேலையில்லாத இந்த மாதங்களுக்காகவே உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தை 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. கையில் காசு இறுக்கமாக இருக்கும் அந்த மழைக்காலத்தில், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் செலவே இல்லாமல் ஒரு விளையாட்டு கிடைப்பது சின்ன விஷயமில்லை.

மூன்று கேம், மூன்று பாடம்

ரோட் ராஷ் 1991-ல் சேகா வீடியோ கேம் கருவிக்காக வந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அதை 1996-ல் விண்டோஸ் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தது. பைக் ரேஸ்தான். ஆனால், பக்கத்தில் வருபவரை உதைக்கலாம், அவர் கையில் இருக்கும் தடியைப் பிடுங்கி அவரையே அடிக்கலாம். போலீஸ் பிடித்தால் அபராதம். அதில் 'பசிபிக் ஹைவே' என்று ஒரு பாதை வரும். கலிபோர்னியாவின் கடலோரச் சாலை. வாசலிலேயே ஈ.சி.ஆர் இருக்கும் பிள்ளைகளுக்கு அது ஒன்றும் அந்நியமாகத் தெரிந்திருக்காது. ஒரே வித்தியாசம்... கேமில் விழுந்தவன் எழுந்து ஓடிப்போய் பைக்கை எடுப்பான். ஈ.சி.ஆரில் அப்படி நடக்காது.

அடுத்து துப்பாக்கி கேம். 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ'யை உருவாக்கியது நார்வே நாட்டின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ். அதற்கு முன் போர் விமான கேம் செய்தவர்கள் இவர்கள். அந்தத் தொழில்நுட்பத்தையே இதற்கும் பயன்படுத்தியதால்தான், ஐ.ஜி.ஐ-யில் மலையும் வெட்டவெளியும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரியும். இந்த கேமில் ஒரு கொடுமை உண்டு. ஒரு மிஷனின் நடுவில் 'சேவ்' செய்ய முடியாது. அரை மணி நேரம் பதுங்கிப் பதுங்கிப் போய், கடைசி வாசலில் ஒரு குண்டு பட்டால் மறுபடியும் முதலிலிருந்துதான். அதனால் அவசரக்காரர்கள் தோற்றார்கள். முதலில் பைனாகுலரில் பார்த்து, கேமரா எங்கே, காவலர் எங்கே என்று கணக்குப் போட்டவர்கள் ஜெயித்தார்கள்.

மூன்றாவது, 'கமாண்டோஸ்'. ஸ்பெயினின் மாட்ரிட் நகரைச் சேர்ந்த பைரோ ஸ்டூடியோஸ் உருவாக்கி, 1998-ல் வெளியானது. இரண்டாம் உலகப் போர்தான் களம். ஆறு வீரர்கள், ஆளுக்கொரு திறமை. ஒருவர் நீந்துவார், ஒருவர் குண்டு வைப்பார், ஒருவர் எதிரியின் உடையில் உள்ளே போவார். எதிரியின் பார்வை எதுவரை விழுகிறது என்று பச்சை நிறத்தில் திரையிலேயே தெரியும். அடர்பச்சை பகுதியில் தவழ்ந்து போனால் தப்பிக்கலாம். யாரை முதலில் அனுப்புவது, யார் காத்திருப்பது என்று யோசிக்காமல் ஓர் அடிகூட நகர முடியாது. ஒருவர் மவுஸைப் பிடித்திருக்க, பின்னால் நான்கு பேர் நின்று யோசனை சொன்ன கேம் இது.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எதுவுமே இடையில் நிறுத்தி 'இவ்வளவு ரூபாய் கட்டினால் துப்பாக்கி தருகிறேன்' என்று கேட்டதில்லை. முடிவு என்று ஒன்று இருந்தது. முடித்துவிட்டு மூடி வைக்கலாம். இன்றைக்குப் பிள்ளைகளின் கையில் இருக்கும் பல மொபைல் கேம்களில் இந்த இரண்டும் இல்லை.

உப்பு ஒரு பக்கம்... உரிமம் ஒரு பக்கம்!

இப்போது அந்த லேப்டாப்கள் எங்கே? பல வீடுகளில் பரணில், துணி மூட்டைக்குப் பக்கத்தில். கடலோர ஊர்களில் அதற்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காற்றில் வரும் உப்புத்துகள் எதன்மேல் படிகிறதோ, அங்கே ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். லேப்டாப்புக்குள் போனால் யூ.எஸ்.பி துளை, திருகு, போர்டில் இருக்கும் மெல்லிய தாமிரக் கோடுகள் என்று ஒவ்வொன்றாக அரிக்கும். ஓடாமல் சும்மா கிடக்கும் லேப்டாப்பையும் விடாது.

வெளியுலகத்திலும் நிலைமை பெரிதாக வித்தியாசமில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவிகிதத்தை இன்று கடையில் வாங்க முடியாது என்று 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. கார் கம்பெனியின் பெயர், பாட்டு என்று கேமில் பயன்படுத்தும் பலவற்றுக்கும் காலக்கெடு வைத்துத்தான் உரிமம் தருவார்கள். அது முடிந்தால் விற்பனையும் நின்றுவிடலாம். 'நீட் ஃபார் ஸ்பீடு' வரிசையின் 5 கேம்கள் 2021 மே 31-ம் தேதி ஒரே நாளில் ஆன்லைன் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டன.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யலாம்!

* பரணிலிருந்து இறக்கியதும் சார்ஜரைச் செருகிவிடாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது. கழற்ற வருமானால் கழற்றிவிட்டு, சர்வீஸ் கடையில் கொடுங்கள்.

* லேப்டாப் உயிர் பெறாவிட்டாலும் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கலாம். அதைத் தனியே எடுத்து, யூ.எஸ்.பி உறையில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் படிக்க முடியும்.

* லேப்டாப் ஓடினால் இன்டர்நெட்டில் இணைக்க வேண்டாம். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. கேமுக்கு மட்டும் ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளலாம்.

* மறுபடி வைக்கும்போது துணியில் சுற்ற வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

* கமாண்டோஸ் போன்ற சில கேம்கள் ஆன்லைன் கடைகளில் இன்றும் முறையாக விற்பனையில் இருக்கின்றன. இலவசமாக வேண்டுமென்றால் ரேஸுக்கு 'சூப்பர் டக்ஸ் கார்ட்', துப்பாக்கிக்கு 'ஃப்ரீடூம்', வியூகத்துக்கு 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' என மூன்றும் சட்டப்படியே கிடைக்கின்றன.

கேமைத் தேடி அந்த ஹார்டு டிஸ்க்கைத் திறப்பவர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கலாம். பிளஸ் டூ பிரிவு உபசார விழா, அக்கா கல்யாணம், பாத்திக்கரையில் தாத்தா நின்ற போட்டோ... செல்போன் மாறிக்கொண்டே இருந்த வீடுகளில் இவை வேறு எங்கும் இல்லாமல் போயிருக்கும்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்போவதாக 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. வீட்டுக்குப் புதுசு வந்ததும் பழசு காயலான் கடைக்குத்தான் போகும். அதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். உப்பு யாருக்காகவும் காத்திருக்காது.