45 காசு காப்பீடு லேப்டாப்புக்கு இல்லை

ரயில் டிக்கெட்டை இணையத்தில் எடுக்கும்போது, 45 காசு கட்டினால் பயணக் காப்பீடு என்று ஒரு கட்டம் வரும். டிக் அடித்துவிட்டு நிம்மதியாக ஏறிவிடுகிறோம். விபத்தில் உயிர் போனால் 10 லட்சம் ரூபாய், ஊனத்துக்கு இவ்வளவு, மருத்துவமனைச் செலவுக்கு இவ்வளவு என்பதுதான் அந்தக் காப்பீடு. மிடில் பெர்த்தை மடக்கும்போது பை நசுங்கி லேப்டாப் திரை நொறுங்கினால் அதில் ஒரு பைசா வராது.

வாரண்டியும் கைகொடுக்காது. அது தயாரிப்புக் கோளாறுக்கு மட்டும்தான். கீழே விழுந்தது, காபி கொட்டியது, பையின் மேல் யாரோ உட்கார்ந்தது எதுவும் அதில் சேராது. கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி அதே வாரண்டியின் ஆயுளைத்தான் நீட்டுகிறது. “மூணு வருஷம் ஃபுல் கவர் சார்” என்று கடையில் சொன்னால், “கீழே போட்டு உடைத்தாலும் கவர் ஆகுமா? எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?” என்று கேளுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

சரி, ரயிலில் சேதமானால் ரயில்வே தராதா? 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு இதில் கறாரானது. புக் செய்து ரசீது பெறாத சாமானுக்கு ரயில்வே பொறுப்பேற்காது. பயணி தன் வசம் வைத்திருக்கும் சாமான் என்றால், ரயில்வேயின் அலட்சியமோ தவறோதான் காரணம் என்றும் நிரூபிக்க வேண்டும். இடுப்பில் கட்டியிருந்த ஒரு லட்சம் ரூபாயை ரயிலில் பறிகொடுத்தவருக்குச் சாதகமாக நுகர்வோர் ஆணையங்கள் தந்த உத்தரவை, 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பயணியின் உடைமையைக் காப்பது பயணியின் வேலை என்பதுதான் அதன் சாரம். ஆனால், ஏசி பெட்டியின் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகி லேப்டாப் நனைந்தால் அது வேறு வழக்கு. அப்போதே படம் எடுத்து, டிடிஇயிடம் சொல்லி, ரயில்வே உதவி எண்ணான 139-ல் புகார் எண்ணையும் வாங்கிவிடுங்கள். பின்னால் அலட்சியத்தை நிரூபிக்க அந்த எண்தான் உதவும்.

விமானத்தில் பயணிக்குச் சட்டத்தின் பலம் கொஞ்சம் அதிகம். செக்-இன் செய்த பை நிறுவனத்தின் வசம் இருக்கையில் சேதமானால், யார் தவறு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. உள்நாட்டுப் பயணத்தில் இழப்பீட்டு உச்சவரம்பு பயணிக்கு 20,000 ரூபாய். வெளிநாட்டுப் பயணத்துக்கு, 2009-ல் இந்தியா இணைந்த மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன்படி உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்குக் குறையாது. எலெக்ட்ரானிக் பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று டிக்கெட் விதிகளில் எழுதியிருப்பார்கள். பொறுப்பை அடியோடு கைகழுவும் நிபந்தனை செல்லாது என்கிறது அதே உடன்படிக்கை. அதற்காக லேப்டாப்பைத் துணிகளுக்கு நடுவே திணித்து அனுப்பலாம் என்று நினைக்க வேண்டாம். பயணியின் கவனக்குறைவும் ஒரு காரணம் என்று காட்டினால் இழப்பீடு குறையும்; முழுக்கவே போகவும் செய்யலாம்.

கேபின் பைக்கு விதி தலைகீழ். நிறுவனத்தின் தவறு இருந்தால்தான் பொறுப்பு. பக்கத்து இருக்கைக்காரர் மேல் தட்டிலிருந்து இறக்கிய பெட்டி உங்கள் லேப்டாப் மேல் விழுந்தால், விமான நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லை. இன்னொன்று: மேல் தட்டு நிறைந்துவிட்டது என்று ஏறும் வாசலில் பையை வாங்கி டேக் போடுவார்கள். அந்த நொடியில் லேப்டாப்பையும் பவர் பேங்கையும் வெளியே எடுத்துவிடுங்கள். பவர் பேங்க் சரக்கறைக்குப் போகவே கூடாது.

பை உடைந்து வந்தால், பெல்ட் அருகே இருக்கும் நிறுவனக் கவுன்ட்டரில் புகார்ப் படிவம் எழுதி நகல் வாங்காமல் வெளியே வரக் கூடாது. எழுத்துப் புகாருக்குக் கெடு ஏழு நாள். வீட்டுக்கு வந்து, பத்து நாள் கழித்துப் பையைத் திறப்பவர்களின் வழக்குதான் பெரும்பாலும் தோற்கிறது. ஆம்னி பஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லேப்டாப் டிக்கிக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

அப்படியானால் எதுதான் பணம் தரும்? டெல், ஹெச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்கள் விற்கும் விபத்துச் சேதத் திட்டமும், ஆப்பிள் கேர் பிளஸ்ஸும் இதற்கென்றே இருப்பவை. விழுந்தாலும் நனைந்தாலும் சரிசெய்து தருவார்கள். ஆப்பிளில் ஒவ்வொரு முறையும் ஒரு சேவைக் கட்டணம் உண்டு. புது மேக் வாங்கிய 60 நாளுக்குள் திட்டத்தை எடுத்துவிட வேண்டும். மற்ற பல திட்டங்களில் வருடத்துக்கு ஒரு க்ளெய்ம்தான். தொலைந்துபோனால் பெரும்பாலான திட்டங்கள் தராது. உள்ளே இருந்த கோப்புகளுக்கு எந்தத் திட்டமும் தராது.

வீட்டுக் காப்பீடு இருந்தால், கையில் கொண்டுபோகும் சாதனங்களுக்கான கூடுதல் பிரிவு கிடைக்குமா என்று விசாரியுங்கள். இந்தியா முழுக்கவா உலகம் முழுக்கவா, தேய்மானம் எவ்வளவு கழிப்பார்கள், முதல் எத்தனை ரூபாய் நம் தலையில் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டின் ‘பேக்கேஜ்’ பிரிவு, பெரும்பாலும் செக்-இன் பை தொலைந்தால் தருவது. கையில் உடைந்த லேப்டாப்பை அதில் எதிர்பார்ப்பது வீண். நான்கு வருடம் ஓடிய பழைய லேப்டாப்புக்குப் பிரீமியம் கட்டுவதும் எனக்கு வீணாகவே படுகிறது. அந்தப் பணத்துக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி பேக்கப் எடுக்கலாம்.

தண்ணீரோ டீயோ கொட்டினால் சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, கவிழ்த்து வையுங்கள். அரிசி மூட்டையில் புதைப்பதால் பயன் ஒன்றும் இல்லை. ஊர்க் கடையில் பிரித்துக் காட்டிவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். “தானாகவே நின்றுபோச்சு” என்று எழுதிய லேப்டாப்பின் மதர்போர்டில் டீக்கறை தெரிந்தால், கிடைக்க வேண்டிய பணமும் கிடைக்காது.

அலுவலக லேப்டாப் என்றால் பயம் இரட்டிப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ஒப்படைத்த பொருளின் சேதத்துக்குச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், சேதம் நேரடியாக ஊழியரின் அலட்சியத்தால் வந்திருக்க வேண்டும். அவர் தரப்பைக் கேட்க வேண்டும். சேதத்தின் மதிப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆகவே ஹெச்ஆர் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், முதலில் அதன் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால், லேப்டாப் நிறுவனம் விற்கும் சேவைத் திட்டம் காப்பீடு அல்ல என்றால், அங்கே வழக்கு எடுபடாது. அதற்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண், பிறகு நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, ஈ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தபடி மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருடம். பில், திட்டத்தின் விதிப் பக்கம், சர்வீஸ் சென்டர் மறுத்து எழுதிய தாள் மூன்றும் மனுவோடு இருக்க வேண்டும். வாயால் மறுத்தால், எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.