கானலும் தொடுவானமும்

சித்திரை வெயிலில் திருப்பூர்ச் சாலைகளிற் கானல் காணாதார் யார்? கொதிக்கும் நிலத்தையடுத்த காற்று அடர்த்தி குன்ற, ஒளி மேல்நோக்கி வளைதலே அதன் காரணம். நம் பின்னலாடைகள் தூத்துக்குடியினின்று செல்லும் கடலிலும் காற்று இங்ஙனமே கண்ணை மயக்கும்.

செயற்கைக்கோள் வழிகாட்டி பழுதுறின், விண்மீனின் உயரத்தைத் தொடுவானத்தினின்று அளந்தே மீகாமன் தன் இடமறிவான். கண் கடல்மட்டத்திற்கு மேலிருத்தலின் தொடுவானம் சற்றே தாழ்ந்து தோன்றும். 25 மீட்டர் உயரத்தில் அத்தாழ்வு ஏறக்குறைய 8.8 கலை என்பது பட்டியற் கணக்கு. கலையாவது பாகையின் 60-இல் ஒரு பங்கு.

ஆயினும், நீர் காற்றினும் வெம்மையுற்றால் தாழ்வு மிகும், தண்மையுற்றால் குறையும். ஒரு கலை தவறின், கணித்த இடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர், தவறும். ஆதலின் எதிரெதிர்த் திசைகளில் விண்மீன்களை அளப்பர். ஒருபுறப் பிழையை மறுபுறப் பிழை ஈடுசெய்யும்.