பாத்திர ஆட்டமும் துப்பாக்கி ஆட்டமும்

கணினி ஆட்டத் தொடர் ஒன்றன் பெயர் பல்லாண்டு நிலைத்திருக்க, அப்பெயரால் வழங்கும் ஆட்டத்தின் இயல்பு படிப்படியே வேறாகிவிடுதல் உண்டு. அவ்வாறு நிகழ்ந்த மாற்றங்களுள் பெரும்பூசலை விளைத்தது, பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்கள் துப்பாக்கியாற் சுடும் ஆட்டங்களின் போக்கைத் தழுவியதாகும். பழமையில் ஊறியோர் புதுமையைப் பழித்தனர் என்று இப்பூசலை ஒரு சொல்லில் ஒதுக்குவாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை, ஃபால்அவுட், மாஸ் எஃபெக்ட் என்னும் இரு தொடர்களைச் சான்றாகக் கொண்டு யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இருவகை ஆட்டங்களின் இலக்கணம்

பாத்திர ஆட்டம் கணினியில் தோன்றியதன்று, மேசையில் தோன்றியது. 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் படைத்து வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் இவ்வகைக்கு மூலமாகும். அதில் ஆடுவோன் ஒரு பாத்திரத்தை அமைத்துக்கொள்கின்றான். அப்பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலியன எண்களாற் குறிக்கப்பெறும். பாத்திரம் வாளோச்சுமிடத்து, அது பகைவன்மேற் பட்டதா, தவறியதா என்பதைப் பகடையும் அப்பாத்திரத்தின் எண்களுமே அறுதியிடும். ஆடுவோனின் கைவன்மைக்கு அங்கு வேலையில்லை. மெலிந்தவர் மாவீரராக ஆடலாம். நாவன்மை மிக்கவர் பேசத் தெரியாதவராக ஆடலாம். தாம் அல்லாத ஒருவராய்ச் சிலபொழுது வாழ்ந்து பார்த்தலே இவ்வாட்டத்தின் இன்பம்.

துப்பாக்கி ஆட்டமோ இதற்கு மறுதலையானது. 1993-இல் வெளிவந்த டூம் என்பதால் உலகெங்கும் பரவிய இவ்வகையில், குறி பார்ப்பது ஆடுவோனின் கண். சுடுவது அவனுடைய விரல். கண்ணும் கையும் ஒன்றிய விரைவே வெற்றி தருவது. பயிற்சியால் தேறுவோன் ஆடுவோனேயன்றிப் பாத்திரம் அன்று.

எனவே, இருவகையையும் பிரிப்பது வாளா, துப்பாக்கியா என்னும் கருவி வேறுபாடு அன்று. வினையின் பயனை அறுதியிடுவது பாத்திரத்தின் திறனா, ஆடுவோனின் திறனா என்பதே அவற்றைப் பிரிக்கும் எல்லை. இவ்வெல்லையை மனத்திற் கொண்டு மேற்செல்வோம்.

ஃபால்அவுட்டின் முதனிலை

1997-இல் இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்ட ஃபால்அவுட், டிம் கேய்ன் என்பார் முன்னின்று உருவாக்கியது. அணுப்போரினால் பாழ்பட்ட தென் கலிபோர்னியா அதன் களம். நிலத்தடிப் புகலிடம் ஒன்றில் வாழ்வோர்க்கு நீரைத் தூய்மை செய்யும் பொறியின் சில்லு பழுதுபட, வேறொன்று தேடிக் கொணருமாறு ஆடுவோன் அனுப்பப்படுகின்றான். தவணை 150 நாள்.

வலிமை, நுண்ணுணர்வு, தாங்குதிறன், கவர்ச்சி, அறிவு, விரைவு, நற்பேறு என ஏழு இயல்புகளும், அவற்றின்மேல் 18 திறன்களும் இவ்வாட்டத்தின் பாத்திரத்தை அமைப்பன. களத்தை மேலிருந்து சாய்வாக நோக்குகின்றோம். போர் மூண்டால் ஒருவர்பின் ஒருவராக முறைவைத்து வினை செய்வர். சுடுமுன்னரே, பகைவனின் எவ்வுறுப்பில் குண்டு படுதற்கு நூற்றுக்கு எத்துணை வாய்ப்பு உண்டு என்பது எண்ணாற் காட்டப்பெறும்.

அவ்வெண்களின் ஆட்சி போர்க்களத்தோடு நின்றுவிடவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அறிவை மிகக் குறைத்துக்கொண்டு தொடங்கினால், பாத்திரம் தெளிவாக ஒரு தொடரும் பேச மாட்டாது. எதிரே நிற்போர் எள்ளுவர், அல்லது இரங்குவர். பல பணிகள் கைகூடா. இறுதிப் பகைவனாகிய மாஸ்டர் என்பானைப் படைக்கலம் எடாமலே வெல்லும் வழியும் உண்டு. அவன் உருவாக்கிய புதிய இனம் மகப்பேறு அற்றது என்பதனைச் சான்றுடன் மெய்ப்பித்துக் காட்டின், தன் பெருமுயற்சி பயனற்றதென உணர்ந்து அவன் தன்னைத் தானே மாய்த்துக்கொள்வான். இவ்வாறு பாத்திரத்தின் இயல்பினை உலகம் கண்டுகொண்டு அதற்கேற்ப விடையிறுத்தலே இத்தொடரின் உயிர்நிலை எனலாம்.

நோக்கு மாறியதும் விளைவும்

1998-இல் இரண்டாம் பகுதியைப் படைத்த பிளாக் ஐல் என்னும் பிரிவு 2003-இல் மூடப்பட்டது. மூன்றாம் பகுதியை வெளியிடும் உரிமையைப் பெற்ற பெதஸ்டா நிறுவனம், 2007-இல் தொடரின் முழுவுரிமையையும் 57.5 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அதன் ஃபால்அவுட் 3, 2008-இல் வெளிவந்தது. களம் வாசிங்டன் நகர்க்கு மாறியது. பாத்திரத்தின் கண்வழியே உலகைக் காணும் நோக்கு வந்தது. திறன்கள் 18-லிருந்து 13 ஆயின. விரும்பியபொழுது காலத்தை நிறுத்தி, உறுப்புகளைத் தெரிந்து, வாய்ப்பெண் கண்டு சுடும் வாட்ஸ் என்னும் ஏற்பாடு பழைய முறையின் எச்சமாக நின்றது. பழைய ஆர்வலர் பலர், இதே நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வேறொரு தொடரின் பெயரைச் சுட்டி, 'இது துப்பாக்கி ஏந்திய ஆப்லிவியன்' என்று எள்ளினர். புதியோரோ பெருந்திரளாக வரவேற்றனர்.

இம்மாற்றத்தின் வேர் நோக்கிலேயே உள்ளது என்பது எம் கருத்து. மேலிருந்து நோக்குமிடத்துப் பாத்திரம் நம்மின் வேறான ஒருவன். அவன் குறி தவறினால், 'அவன் இன்னும் தேறவில்லை' என்று அமைதி கொள்கின்றோம். கண்வழி நோக்குமிடத்துத் துப்பாக்கி நம் கையில் உள்ளது. பகைவன் முழந்தூரத்தில் நிற்கின்றான். குறியும் நேராக உள்ளது. அந்நிலையில் எண் காரணமாகக் குண்டு தவறுமாயின், கண்டதும் நிகழ்ந்ததும் முரணுகின்றன. பெதஸ்டா 2002-இல் வெளியிட்ட மாரோவிண்ட் இதற்குச் சான்று. அதில் வாள் பகைவனின் உடலை ஊடுருவுவதைக் கண்ணாற் கண்ட பின்னரும், எண்கள் தவறென்று தீர்த்துவிடும். அடுத்து வந்த ஆப்லிவியன் அம்முறையைக் கைவிட்டது. நோக்கு மாறினால் எண்ணின் ஆட்சி சுருங்குதல் ஏறத்தாழத் தவிர்க்கலாகாததாகின்றது.

இடைவழி இல்லையோ எனின், உண்டு. 2000-இல் வெளிவந்த டியூஸ் எக்ஸ் கண்வழி நோக்கினதே. எனினும் பயிற்சி குன்றிய பாத்திரத்தின் கை நடுங்கும். குறிவட்டம் மெல்லச் சுருங்கும். பொறுத்திருந்து சுடல் வேண்டும். எண்ணும் கையும் அங்கு உடன்பட்டு நின்றன. 2003-இல் வந்த அதன் இரண்டாம் பகுதி அத்திறன் வகுப்பை அறவே நீக்கிற்று, ஆர்வலர் வெகுண்டனர்.

மாஸ் எஃபெக்ட் காட்டும் சான்று

கனடா நாட்டுப் பயோவேர் நிறுவனத்தின் மாஸ் எஃபெக்ட் மூன்று பகுதிகளும் இம்மாற்றத்தைச் சில ஆண்டுகளுக்குள் ஒருங்கே காட்டுவன. 2007-இல் வந்த முதற்பகுதியில், துப்பாக்கிப் பயிற்சிக்குப் புள்ளி இட இடக் குறி கூர்மையுறும். 2010-இல் வந்த இரண்டாம் பகுதியில் குறிக்கும் புள்ளிக்கும் உள்ள தொடர்பு அற்றது, பொருட்பேழை நீங்கியது, சுட்டால் சூடேறித் தானே தணியும் துப்பாக்கிக்கு மாறாகச் சுடுந்தோறும் செலவாகும் பொருத்திகள் வந்தன. 2012-இல் வந்த மூன்றாம் பகுதி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே போர், பாத்திரம், கதை என மூன்று வழிகளை வைத்தது. போர்வழியைத் தெரிவோர்க்கு உரையாடலிற் சொல்லத்தக்கதை ஆட்டமே தெரிந்து சொல்லும். ஆடுவோர் இருசாராராய்ப் பிரிந்திருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டமைக்கு இஃது அறிகுறி.

இனி, ஆர்வலர் எதனை எதிர்த்தனர் என்று காண்போம். துப்பாக்கிப் போக்கு மிக்க இரண்டாம் பகுதியைக் குறை கூறினார் சிலர். போற்றினார் மிகப் பலர். தோழர் ஒவ்வொருவரின் நம்பிக்கையையும் ஈட்டினரா, இல்லையா என்பதைப் பொறுத்து இறுதிப் பயணத்தில் அவர் வாழ்தலும் மடிதலும் அமைந்தமையே அதற்குக் காரணம். பெருங்கிளர்ச்சி எழுந்ததோ மூன்றாம் பகுதியின் முடிவின்மேல். மூன்று பகுதிகளிலும் ஆடுவோர் செய்த தெரிவுகள் ஒன்றிலிருந்து ஒன்றிற்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தும், முடிவு மூன்று நிறங்களால் மட்டும் வேறுபட்ட காட்சிகளாய்ச் சுருங்கிற்று என்பது முறையீடு. ஆர்வலர் தம் வேண்டுகோளுக்கு அடையாளமாக நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் அறநிலையம் ஒன்றற்கு 80,000 டாலர் அளவில் நன்கொடை திரட்டினர். சிலர் சிவப்பு, நீலம், பச்சை ஆகிய நிறங்களில் நானூற்றுக்கு மேற்பட்ட சிறு கேக்குகளை நிறுவனத்திற்கு அனுப்பினர். நிறம் வேறு, சுவை அனைத்திற்கும் ஒன்றே! அவ்வாண்டு சூன் மாதத்தில் விரிவாக்கிய முடிவு விலையின்றி வழங்கப்பெற்றது. இக்கிளர்ச்சியில் சுடும் முறையைப் பற்றிய முறையீடு முன்னிற்கவில்லை என்பது உளங்கொளத்தக்கது.

மீண்டும் ஃபால்அவுட்

இதே உண்மையை ஃபால்அவுட் தொடரும் வலியுறுத்துகின்றது. மூன்றாம் பகுதியின் இறுதியில், கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் ஒருவர் புகுந்து உயிர் துறத்தல் வேண்டும். கதிர்வீச்சால் ஊறுபடாத தோழன் ஒருவன் உடன் நிற்பினும், அவன் புக மறுத்துவிடுவான். இதனைக் கண்டு நகைக்காதார் இலர். 2009-இல் வந்த இணைப்பு, அவனை அனுப்ப வழிசெய்து, ஆட்டத்தையும் மேற்கொண்டு தொடரச் செய்தது.

2010-இல் அப்சிடியன் நிறுவனம் படைத்த ஃபால்அவுட்: நியூ வேகஸ், துப்பாக்கி ஆட்டத்திற்கு இன்னும் நெருங்கியது, துப்பாக்கியின் குறிமுனை வழியே நோக்கிச் சுடும் முறை அதிற்றான் சேர்ந்தது. எனினும் பழைய ஆர்வலர் பலர் அதனைத் தம்முடையதென ஏற்றனர். என்னை? படைக்கலம் தாங்க வலிமை வரம்பு வகுக்கப்பட்டது. மருத்துவமோ பழுதுநீக்கமோ கற்ற பாத்திரத்திற்கு உரையாடலில் அதற்குரிய சொல் வாய்த்தது. இறுதிப் படைத்தலைவனையும் சொல்லால் திருப்பி அனுப்ப இயன்றது. முதற்பகுதியின் உயிர்நிலை புதிய உடலில் நின்றது.

2015-இல் வந்த நான்காம் பகுதி, சுடும் முறையில் முந்தையவற்றை விஞ்சியது என்பதைப் பழித்தோரும் மறுத்திலர். ஆயினும், 13 திறன்களும் நீங்கி, 70 சிறப்புத் தகுதிகளின் அட்டவணை ஒன்றே எஞ்சியது. உரையாடலோ நான்கு சிறு குறிப்புகளாய்க் குறுகியது. பாத்திரம் என்ன சொல்லப் போகின்றது என்பதை அது சொன்ன பின்னரே ஆடுவோன் அறிந்தான். முழுவுரையையும் திரையிற் காட்டும் திருத்தத்தை ஆர்வலர் தாமே எழுதிச் சேர்த்துக்கொண்டனர். 2018-இல் வந்த ஃபால்அவுட் 76, பலர் கூடி ஆடுவது. அதன் உலகில் எந்திரங்களும் ஒலிப்பதிவுகளும் இருந்தனவேயன்றி உரையாடுதற்கு உயிருள்ள மாந்தரைப் படைத்தோர் வைத்திலர். கடுங்கண்டனம் எழுந்தது. 2020-இல் மாந்தரும், இயல்புகளைச் சோதிக்கும் உரையாடலும் சேர்க்கப்பட்டன. 2023-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஸ்டார்ஃபீல்டு, சொல்லப்போவதை முழுமையாக எழுத்திற் காட்டும் பழைய முறைக்கே மீண்டது.

முடிவுரை

மேற்காட்டிய சான்றுகளால் இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று: எதிர்த்தோர் அனைவரும் ஒருதிறத்தார் அல்லர். முறைவைத்து ஆடும் ஆழ்ந்த போரையே விரும்பினோர் ஒருசாரார். அவர்தம் விருப்பம் வெறும் பழம்பற்று அன்று. 2012-இல் வேஸ்ட்லேண்டு 2 என்னும் அத்தகைய ஆட்டத்திற்குப் பொதுமக்கள் அறுபதினாயிரவர்க்கு மேற்பட்டோர் முன்பணம் தந்தமையும், 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 முறைவைத்து ஆடுவதாயினும் உலகப் புகழ் எய்தியமையும் அதனை மெய்ப்பிக்கும். மற்றொன்று: பெருங்கிளர்ச்சிகள் எழுந்த இடங்களை ஒருசேர நோக்கின், அங்கெல்லாம் பறிபோனது பாத்திரத்தின் சொல்லுக்கும் தெரிவுக்கும் உலகம் தந்த விடையே. அவ்விடை நிலைத்த இடத்தில் துப்பாக்கியை ஆர்வலர் பொறுத்தனர். நியூ வேகஸில் விரும்பியும் ஏற்றனர்.

இலக்கியத்தினின்றே இலக்கணம் வகுக்கப்படும் என்பது நம் மரபாகலின், புதிய ஆட்டங்கள் பழைய எல்லையைக் கடத்தல் குற்றமாகாது. ஆயின், ஒரு தொடரின் பெயர் ஆடுவோர்க்குத் தரும் வாக்குறுதி ஒன்று உண்டு. கை மாறலாம், கண் மாறலாம். நீ யாராக இங்கு வந்தனை என்பதை இவ்வுலகம் கேட்கும் என்னும் அவ்வாக்குறுதி மாறுமாயின், எஞ்சுவது பெயர் மட்டுமே என்பது எம் துணிபு.