கத்தி வைக்கும் முன் கணினியில் ஓடும் ரத்தம்

சில குழந்தைகள் பிறக்கும்போது இதயத்தின் இரண்டு கீழறைகளில் ஒன்று வளர்ந்திருக்காது. மிஞ்சிய ஒரே அறை உடம்புக்கும் நுரையீரலுக்கும் சேர்த்து ரத்தம் தள்ளித் திணறும். இதற்கு 1968இல் பிரான்சின் போர்தோ நகரில் பிரான்சிஸ் ஃபோன்டான் செய்த அறுவைசிகிச்சையே இன்றும் அடிப்படை. அது பலமுறை மாறி வந்த வடிவத்தில், உடம்பிலிருந்து திரும்பும் ரத்தம் இதயத்துக்குள் நுழைவதே இல்லை. மேற்பெருஞ்சிரை நேராகவும், கீழ்ப்பெருஞ்சிரை ஒரு குழாய் வழியாகவும் நுரையீரல் தமனியில் இணைக்கப்படுகின்றன. இருக்கும் ஒரே அறை உடம்பை மட்டும் கவனித்துக்கொள்கிறது.

ஆனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தைத் தள்ள இனி பம்பு கிடையாது. சிரையில் மிச்சமிருக்கும் சொற்ப அழுத்தத்திலேயே அது போய்ச் சேர வேண்டும். இணைப்பில் சுழல் விழுந்து வீணாகும் ஆற்றலுக்கு ஈடாகச் சிரையழுத்தம் ஏறும். ஆண்டுக்கணக்கில் அதைத் தாங்கும் கல்லீரல் தழும்பேறும்.

இங்கேதான் பொறியாளர்கள் வந்தார்கள். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையின் மார்க் டி லெவலும் மிலான் பாலிடெக்னிக்கைச் சேர்ந்தவர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, இரு சிரைகளும் நேருக்கு நேர் இணைந்தால் ஓட்டங்கள் மோதி ஆற்றல் வீணாவதைக் கணினியில் காட்டியது. கீழ்ச்சிரையின் வாயை வலது தமனிப் பக்கம் அகலப்படுத்தினாலே இழப்பு குறைந்தது.

செய்முறை இதுதான்: எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து குழந்தையின் ரத்தக்குழாய்களை முப்பரிமாணத்தில் எடுத்து, லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நொடித்துளிக்கும், திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கணினி தீர்க்கிறது. ஜார்ஜியா டெக்கில் அஜித் யோகநாதனின் குழு இதைத் தனித்தனி நோயாளிகளுக்கான அறுவைத் திட்டமாக்கியது. இன்னின்ன மாதிரி தைத்தால் என்ன ஆகும் என்று நாலைந்து விதமாகத் திரையில் தைத்துப் பார்க்கலாம்.

ஆற்றல் இழப்பைவிட முக்கியமான கேள்வி பிறகு வந்தது என்பேன். கல்லீரலிலிருந்து வரும் ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் நுரையீரலைக் காக்கிறது. அது எதுவென்று மருத்துவ உலகம் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஒரு நுரையீரலுக்கு அது கிடைக்காவிட்டால் அங்கே தமனிக்கும் சிரைக்கும் இடையே குறுக்குவழிகள் முளைக்கும். ஆக்சிஜன் ஏறாத ரத்தம் அப்படியே திரும்பும். குழந்தை நீலம் பாரிக்கும். கணினியிலோ, அந்தக் கல்லீரல் ரத்தம் வந்துசேரும் கீழ்ச்சிரையின் வாயில் ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்களைக் கொட்டி, வலப்பக்கம் எத்தனை, இடப்பக்கம் எத்தனை என்று எண்ணிவிடலாம். இரு பக்கமும் பிரியட்டும் என்றுதான் ஆலிசன் மார்ஸ்டன் குழு ஒரு கவட்டைக் குழாயை முதலில் கணினியில் வடிவமைத்தது. பின்னர் அது நோயாளிகளுக்கும் பொருத்தப்பட்டது; பலன் ஆளுக்கு ஆள், குழாய் அமைந்த விதத்துக்கேற்ப மாறியது.

அது எதிர்பாராததல்ல. ஸ்கேனில் அசையாமல் படுத்திருக்கும் குழந்தையின் ரத்த ஓட்டம் வேறு, ஓடியாடும்போது வேறு. மூச்சை இழுக்கும்போதெல்லாம் கீழ்ச்சிரையின் ஓட்டம் எகிறும். அதைச் சேர்க்காத கணக்கு பாதிக் கணக்குதான். அறுவைக்குப் பின் மறுபடி ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டபோது கணிப்பு பிசகிய இடங்களில், தைத்த இடமும் கோணமும் திரையில் வரைந்ததிலிருந்து விலகியிருந்ததும் ஒரு காரணம்.